வீட்டைப் பூட்டுமுன் வாயில்லா ஜீவன்களையும் எண்ணிப் பாருங்கள்



வருட இறுதி விடுமுறை என்றதும் நம் வீடுகளில் தனிக் கலகலப்பு. பிள்ளைகள் புத்தகப் பைகளை ஒரு மூலையில் போட்டுவிட்டு, உம்மும்மா வீட்டுக்கு எப்போது போவது என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணங்களும் இந்த நாட்களிலேதான் வந்து குவிகின்றன. வாடகை வானுக்குச் சொல்லியாயிற்று, உடுப்புகளை அடுக்கியாயிற்று, புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

புறப்படும் நேரத்தில் நீங்கள் எத்தனை விடயங்களைக் கவனிக்கிறீர்கள்! கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா, தண்ணீர்க் குழாய் பூட்டியிருக்கிறதா, நகைகள் பத்திரமா, பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று இரண்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் குசினி வாசலில் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி வருகின்றதே பூனை, கூட்டுக்குள் கீச்சிடுகின்றனவே லவ்பேர்ட்ஸ், கொட்டிலில் கயிற்றோடு நிற்கின்றதே ஆடு, அவற்றைப் பற்றி எத்தனை பேர் யோசிக்கிறோம்? "நாலு நாள்தானே, அது எங்கேயாவது தின்றுகொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் போடுகிறோம்.

அந்த "எங்கேயாவது" எது என்று சற்று நின்று சிந்திப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இரண்டு பெண்களின் கதை

ஹதீஸ் கிரந்தங்களிலே இரண்டு பெண்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. இரண்டும் பிராணிகளோடு தொடர்புபட்டவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருத்தி ஒரு பூனையை அடைத்து வைத்தவள். அவள் நரகம் புகுந்ததற்கு அந்தப் பூனையே காரணமாயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களும் பதிவு செய்துள்ளன. அவள் பூனையை அடித்தாள் என்றோ, சுடுநீர் ஊற்றினாள் என்றோ அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவளுடைய குற்றம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. அடைத்து வைத்திருந்த காலத்தில் அவள் அதற்கு உணவு கொடுக்கவுமில்லை. பூமியிலுள்ள பூச்சி, புழு, எலி முதலியவற்றைத் தானாகத் தேடித் தின்னும்படி அதை விட்டுவிடவுமில்லை.

மற்றவள் பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த, நடத்தை கெட்ட ஒரு பெண். தாகத்தினால் நாக்கைத் தொங்கவிட்டுக் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாயை அவள் கண்டாள். வாளி இல்லை, கயிறும் இல்லை. தன் காலணியைக் கழற்றி, தன் முக்காட்டுத் துணியிலே கட்டிக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் எடுத்து நாய்க்குக் கொடுத்தாள். அதற்காகவே அல்லாஹுத்தஆலா அவளை மன்னித்தான் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகின்றது.

ஒரு வாய் உணவு கொடுக்காத ஒருத்தி. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்த மற்றொருத்தி. இருவரும் செய்தது பெரிய காரியமல்ல. வீட்டிலே நாம் அன்றாடம் செய்யவும் செய்யாமல் விடவும் கூடிய சின்னக் காரியந்தான். அதன் முடிவு எங்கே போய் நிற்கின்றது என்பதைப் பாருங்கள்.

இந்தச் சம்பவங்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் தெளிவானது. ஒரு பிராணியின் வழியை நாம் அடைத்திருந்தால், கூட்டினாலோ கயிற்றினாலோ கதவினாலோ, அதன் உணவுக்குப் பொறுப்பு நாமே. அது தேடித் தின்ன முடியாது. நம் கையைத் தவிர வேறு கை அதற்கு இல்லை.

சட்ட நூல்கள் சொல்வது

பிராணிக்கு இரங்குவது ஒரு நற்குணம், செய்தால் நன்மை, செய்யாவிட்டால் பாதகமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். நமது நாட்டு அரபுக் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்ட இமாம் நவவி (ரஹ்) அவர்களின் "மின்ஹாஜ்" என்ற ஷாபிஈ சட்ட நூலில் மனைவி மக்களின் ஜீவனாம்சம் பற்றிய பாடத்தின் இறுதியிலேயே பிராணிகளின் தீவனமும் தண்ணீரும் பேசப்படுகின்றன. அவற்றைக் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. அவர் கொடுக்க மறுத்தால், உண்ணத் தகுந்த பிராணியாயின் விற்றுவிடும்படியோ, தீனி கொடுக்கும்படியோ, அறுத்துவிடும்படியோ கட்டாயப்படுத்தப்படுவார். உண்ணக் கூடாத பிராணியாயின் விற்பது அல்லது தீனி கொடுப்பது என்ற இரண்டே வழி. குட்டிக்குக் கேடு வருமளவுக்குத் தாயிடம் பால் கறப்பதும் கூடாது.

அந்நூலின் விரிவுரையாளர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மேய்ந்து பிழைக்கக் கூடிய பிராணியை மேயவும் நீரருந்தவும் விட்டுவிட்டால் போதும். ஆனால் மேய்ச்சல் அதற்குப் போதாவிட்டால் மீதியை உரிமையாளர் நிறைவு செய்ய வேண்டும். "எங்கேயாவது தின்றுகொள்ளும்" என்ற நமது பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதியுள்ளார்கள். பிராணி கிழடாகி, நோயாளியாகி, இனி ஒரு பயனுமில்லை என்ற நிலையிலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். அதைத் துன்புறுத்தக்கூடிய வேறு பிராணிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. அது தங்கும் இடமும் நீரருந்தும் இடமும் நல்லதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம்.

பூனை வளர்க்கும் வீடுகள்

வெளியே நடமாடிப் பழகிய பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையை வெளியே தள்ளிவிட்டும் போகாதீர்கள். முதலாவதற்கு வழியடைபடுகின்றது, இரண்டாவதற்கு வெளியுலகம் தெரியாது. தெரு நாய்க்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது பலியாகிவிடும்.

ஒரு பெரிய கோப்பை நிறையச் சோறும் மீனும் பிசைந்து வைத்துவிட்டால் நாலு நாளைக்குப் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். நமது நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் அது அன்று மாலைக்குள் புளித்துவிடும். இரவுக்குள் எறும்பு மொய்த்துவிடும். பூனை பசியோடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் உண்ணாதிருந்தால் பூனையின் ஈரல் பழுதடையக் கூடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம் என்பது மிருக வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். "நல்ல சதைப்பிடிப்பான பூனை, தாங்கும்" என்பது தலைகீழான கணக்கு.

ஆகவே, தினமும் ஒரு தடவையாவது வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு மாமியோ, சாச்சியின் மகளோ, முஸ்லிமல்லாத அயலவரோ யாராயினும் சரி. அயலவர் நமக்குச் செய்யும் உதவியிலே நாம் அவருக்குப் பாரமாகிவிடக் கூடாது. உணவுக்கான பொருளை அல்லது காசை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எந்தக் கோப்பையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள். உணவுக் கோப்பையைத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டின் நடுவே வைத்தால் எறும்பு ஏறாது. குடிக்கும் தண்ணீரை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். திரும்பி வரும்போது அந்த அயலவருக்கு ஏதாவது ஒரு சிறு பொருள் வாங்கி வர மறந்துவிடாதீர்கள்.

பூனையைக் கூடவே கொண்டு போவதென்றால், மூடியுள்ள ஒரு கூடை அல்லது நன்றாகத் துளையிட்ட கடதாசிப் பெட்டி வேண்டும். சாக்கிலோ பொலித்தீன் பையிலோ போடுவது மூச்சை அடைப்பதாகும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்பிருந்து உணவு கொடுக்காவிட்டால் வழியில் வாந்தியெடுக்காது. சாப்பாட்டுக் கடையில் இறங்கும்போது யன்னல்களை மூடிய வாகனத்துக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனம் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

மழை நாட்களில் பூனைகள் சூடு தேடி அலையும். சற்று முன் ஓடி நின்ற வானின் இயந்திரப் பகுதிக்குள்ளும், திறந்து கிடக்கும் அலுமாரிக்குள்ளும், சலவை இயந்திரத்துக்குள்ளும் புகுந்து உறங்கிவிடும். வாகனத்தை இயக்குமுன் முன்மூடியில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். வீட்டைப் பூட்டுமுன் பூனை எங்கே இருக்கின்றது என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே பூட்டுங்கள். அறியாமல் அடைத்தாலும் உள்ளே கிடந்து பசிப்பது பூனைதானே!

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை போன்ற குளிரான இடங்களில் இருப்போர் தரையில் ஒரு மடிப்புச் சாக்கையும் அதன் மேல் பழைய சாரத்தையும் விரித்து, காற்றடிக்காத மூலையில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். "பூனை வீட்டுக்குள் இருந்தால் தொழ முடியாது" என்று மழையிலே வெளியே தள்ளுவோர் இருக்கிறார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். அதைக் கண்டு வியந்த தம் மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல, அது நம்மைச் சுற்றி வரும் ஜீவன்களில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். ஆடையில் ஒட்டும் சில முடிகள் மன்னிக்கப்படும் என்றே நமது மத்ஹபின் நூல்களும் கூறுகின்றன. தொழும் பாயைச் சுருட்டி மேலே வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கூட்டுப் பறவையும் கண்ணாடித் தொட்டி மீனும்

இந்த இரண்டுமே முழுமையாக நம் கையில் உள்ளவை. ஆனால் இரண்டின் தேவையும் ஒன்றல்ல.

லவ்பேர்ட்ஸ் போன்ற சிறு பறவைகள் ஓரிரு நாள் உணவின்றி இருந்தாலே உயிருக்கு ஆபத்து. இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. இவை தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கோப்பையிலேயே போடும். பார்வைக்குக் கோப்பை நிறைந்திருப்பது போலத் தோன்றும். உள்ளே இருப்பது வெறும் உமி. பார்த்துக்கொள்ள வருபவர் "தீன் நிறைய இருக்கிறதே" என்று திரும்பிப் போய்விடுவார். பறவை நிறைந்த கோப்பையின் முன்னால் பட்டினியாகக் கிடக்கும். ஆகவே கோப்பையை எடுத்து வாயால் ஊதிப் பார்த்து, உமியைப் போக்கிவிட்டுப் புதுத் தினை போடும்படி சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தைச் சாக்கினால் மறையுங்கள். காற்றுக்காக ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

மீனுக்கோ நேர்மாறு. நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றித் தாக்குப்பிடிக்கும். பயணத்துக்கு முன் "பாவம், பசிக்குமே" என்று அள்ளிக் கொட்டும் உணவுதான் அதைக் கொல்கின்றது. உண்ணாத உணவு அழுகித் தண்ணீரை நஞ்சாக்கிவிடும். புறப்படுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீராயின் வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். வந்து பார்க்கும் பிள்ளையிடம் உணவு டப்பாவையே கொடுத்துவிடாமல், ஒரு வேளைக்குரிய அளவைச் சிறு சிறு பொட்டலங்களாக மடித்துக் கொடுங்கள்.

முயல் வளர்ப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு நாள் உண்ணாதிருந்தாலே அதன் குடல் இயங்காமல் போய்விடக் கூடும். முயலை விட்டுவிட்டு ஓரிரவு கூடப் போக முடியாது.

மாரி மழையும் கோழி ஆடுகளும்

கிழக்கிலும் வடக்கிலும் உள்ள சகோதரிகளுக்கு இந்த விடுமுறை மாரி காலத்திலேயே வருகின்றது. வடகீழ்ப் பருவ மழை கொட்டும் நாட்கள் இவை.

கோழிக்கூட்டில் ஈரம் தங்கினால் நோய் தங்கியது என்று பொருள். நெல் உமியைத் தரையில் பரப்பி, நனைந்ததை அவ்வப்போது அகற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். கூட்டுக்குள் தலையை நீட்டும்போது கண் எரியுமளவுக்கு நெடி அடித்தால், அதே நெடியைக் கோழிகள் இரவு முழுவதும் சுவாசிக்கின்றன. பூஞ்சணம் பிடித்த தீனையும் புண்ணாக்கையும் "வீணாகப் போகிறதே" என்று போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். கீரியும் மரநாயும் புகும் ஓட்டைகளைப் பயணத்துக்கு முன்பே அடைத்துவிடுங்கள். பூட்டிய வீட்டில் கோழி கத்தினால் எழுந்து வர ஆள் இருக்காது.

ஆட்டுக்கு நனைவது ஆகாது. தரையை விட்டு உயர்ந்த, சட்டம் பாவிய கொட்டில்தான் மழை காலத்துக்கு உகந்தது. மழையில் நனைந்த இளம் புல்லை வெறும் வயிற்றில் தின்றால் வயிறு ஊதிவிடலாம். பலா இலை, கிளிசரிடியா இலை முதலியவற்றைச் சற்று வாடவிட்டுக் கொடுப்பது நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியைக் கிழக்கு மாகாண மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தை மூடிய வெள்ளத்தை நாம் எல்லோரும் கண்டோம். இத்தகைய வேளைகளில் கட்டிய பிராணி கயிற்றின் நீளத்துக்கு மேல் நகர முடியாது. அவிழ்த்துவிட்ட ஆடு மேட்டைத் தேடி ஓடும்; கட்டப்பட்டது நின்ற இடத்திலேயே மூழ்கும். வயற்காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் என வளர்க்கும் நாய் சங்கிலியில் கிடந்தால் அதற்கும் அதே கதிதான். மனித உயிரே முதன்மையானது என்பதில் சந்தேகமில்லை. பிள்ளைகளையும் முதியோரையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் வெள்ள எச்சரிக்கை வந்ததுமே, நேரம் இருக்கும்போதே, கயிற்றை அவிழ்த்து, கூட்டைத் திறந்து விடுங்கள். கொண்டு போக முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பூனையின் ஹதீஸிலே சொல்லப்பட்ட இரண்டாவது வழி அதுதான். மழை காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போவோர், அயலவரிடம் கூட்டின் திறப்பையும் கொடுத்து, "தண்ணீர் ஏறினால் எங்களைக் கேட்காமலே திறந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின், காலில் புண்ணோடு பிள்ளைகளைக் கொட்டிலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் அனுப்பாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்தே எலிக்காய்ச்சல் தொற்றுகின்றது.

வீட்டிலேயே இருப்போரும் விருந்தினர் வருவோரும்

விடுமுறையிலே வெளியூர் போகாமல் விருந்தினரை வரவேற்கும் வீடுகளிலும் ஆபத்துகள் உண்டு. அவை பெரும்பாலும் நமது அன்பின் பெயராலேயே வருகின்றன.

கல்யாண வீட்டிலே சஹனில் மிஞ்சிய சோற்றை வாளி நிறைய அள்ளி ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொட்டுகிறோம். இலை தழை தின்று பழகிய வயிற்றிலே திடீரென்று அவ்வளவு சோறு போனால் அது புளித்து, அமிலமாகி, ஓரிரு நாளிலே உயிரைக் குடித்துவிடும். நேற்று நன்றாக நின்ற ஆடு இன்று படுத்துவிட்டதென்று கண்ணேறைக் குறை சொல்லுகிறோம்! சோற்றை வீணாக்கவும் வேண்டாம். ஒரு பிடி, இரண்டு பிடி கொடுத்து மிகுதியைக் கோழிகளுக்கும் பறவைகளுக்கும் பங்கிடுங்கள்.

வெங்காயமும் உள்ளியும் பூனைக்கும் நாய்க்கும் இரத்தத்தைக் கெடுப்பவை. புரியாணிக் கறியைக் கழுவாமல் கொடுக்காதீர்கள். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சொக்கலட் நாய்க்கு நஞ்சு.

மழை நாளில் பூனை தும்மியதென்று பிள்ளைகளின் பெனடோல் பாணியிலே சில துளிகளைப் புகட்டும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த மருந்து பூனையின் உடலில் கொடிய நஞ்சாகிவிடும். அரை மாத்திரை கூட அதைக் கொல்லக் கூடும். பிரதேச செயலகப் பிரிவுகள் தோறும் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. விடுமுறை நாட்களில் அவை எப்போது திறந்திருக்கும் என்று முன்னரே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நுளம்புச் சுருளையும் மருந்து விசிறியையும் கூட்டுப் பறவைக்கும் மீன் தொட்டிக்கும் அருகில் பயன்படுத்தாதீர்கள். விசிறும் மருந்தின் சில துளிகள் தொட்டியில் விழுந்தாலே மீன்கள் செத்து மிதக்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய நொன்-ஸ்டிக் சட்டியின் புகை பறவைகளைக் கொல்லும். கூட்டைக் குசினியில் தொங்கவிடாதீர்கள்.

டிசம்பர் 31ஆம் திகதி நள்ளிரவில் ஊரெங்கும் பட்டாசு வெடிக்கும். அன்று மாலையே பூனையை உள்ளே எடுத்து, யன்னலை மூடி, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியை வைத்துவிடுங்கள். பயத்தில் ஓடும் பிராணி வழி தவறிப் பாதையில் அடிபட்டுவிடும். நம் பிள்ளைகள் கொளுத்தும் பட்டாசும் இதிலே அடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் கையிலே

விடுமுறையிலே மச்சான், மச்சி, சின்னம்மா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கூடும். பூனைக்குட்டியை வாலில் பிடித்துத் தூக்குவதும், கோழிக்குஞ்சைக் கைக்குள் இறுக்குவதும் அவர்களுக்கு விளையாட்டு. அதட்டி விரட்டுவதை விடக் கற்றுக் கொடுப்பதே நமது கடமை.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைரிடம் ஒரு சிறு குருவி இருந்தது. அவர் அதனோடு விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. குருவி இறந்து அந்தக் குழந்தை வாடியிருந்தபோது, குருவிக்கு என்ன நேர்ந்தது என்று அவரிடமே கனிவாக விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) ஒரு தனி ஏட்டையே எழுதியிருக்கிறார். பிள்ளை பறவையோடு விளையாடலாம், அதைக் கூட்டில் வைத்திருக்கலாம், துன்புறுத்தாமல் உணவும் நீரும் கொடுத்துவந்தால், என்று அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தனர். மறுபுறம், தாய்ப் பறவையொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, அது சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள்.

வீட்டில் இருக்கும் நாட்களில் தண்ணீர்க் கோப்பையைக் கழுவி நிரப்பும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். "இது உன் அமானத்" என்று சொல்லுங்கள். பூனையோ நாயோ கடித்தால் அல்லது பிராண்டினால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றும் பழக்குங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விசர் நோய் வந்த பின் மருந்தில்லை. வருமுன் தடுக்கும் ஊசி அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே போடப்படுகின்றது. பூனைக்கும் நாய்க்கும் வருடந்தோறும் விசர்த் தடுப்பூசி போடுவது உங்கள் பிள்ளைகளுக்கான பாதுகாப்புந்தான்.

சந்தையில் விடப்படும் குட்டிகள்

பயணத்துக்கு முதல் நாள் இரவில் ஒரு காரியம் நடக்கின்றது. அதை எழுதாமல் விடுவதற்கில்லை. வீட்டிலே ஈன்ற பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி, மீன் சந்தையிலோ பள்ளிவாசல் மூலையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். "அடைத்து வைத்தால்தானே பாவம், நாங்கள் விட்டுவிட்டோமே" என்று சமாதானமும் சொல்கிறார்கள்.

சகோதரிகளே, ஹதீஸில் வந்துள்ள விட்டுவிடுதல், தேடித் தின்னும்படி விடுவதாகும். கண் திறந்து சில நாட்களேயான, பால் குடிக்கும் குட்டி எலி பிடிக்குமா? மழையில் நனைந்து அது விடியுமுன் விறைத்துப் போகும். தாய்ப்பூனையோ வீட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டு திரியும். குட்டிகள் பால் மறந்து தாமாக உண்ணும் வரை தாயோடு இருக்கட்டும். அதன் பின் வளர்க்க விரும்புவோர் கையில் கொடுங்கள். கடைக்காரர்களும் நெல் களஞ்சியம் வைத்திருப்போரும் எலித் தொல்லைக்காகப் பூனை தேடுவதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

நம் கையில் தின்று பழகிய வளர்ந்த பிராணிக்கும் இது பொருந்தும். அரபுக் கல்லூரிகளில் விடுமுறை விட்டு விடுதிச் சமையலறை மூடியதும், மாணவர்களின் மிச்சத்தைத் தின்று வளர்ந்த பூனைகள் மூடிய கதவின் முன்னால் வந்து அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவற்றை யாரும் கட்டி வைக்கவில்லை. ஆயினும் நமது சோறே அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றது. காவலாளரிடம் கொஞ்சம் அரிசியும் மீனுக்குச் சிறிது காசும் கொடுத்துவிட்டால் அந்த நாட்கள் கழிந்துவிடும்.

பூட்டைத் திருப்புமுன்

கதவைச் சாத்துமுன் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிராணிகளையும் கண்ணால் பார்த்தேனா? ஒவ்வொன்றுக்கும் உணவும் தண்ணீரும் யார் கையால், எந்த நேரத்தில் கிடைக்கும்? அவருக்கு வேண்டியதையெல்லாம் கொடுத்தேனா? மழை வெள்ளம் வந்தால் கயிற்றை அவிழ்க்கவும் கூட்டைத் திறக்கவும் ஆள் இருக்கின்றதா?

நான்குக்கும் பதில் இருந்தால் நிம்மதியாகப் புறப்படுங்கள். ஒன்றுக்கேனும் பதில் இல்லையென்றால், வான் காத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். போய்ச் சேர்ந்த பின்பும் தினமும் ஒரு தொலைபேசி அழைப்பில், "பூனை சாப்பிட்டதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் பார்ப்பவரும் மறவாமல் பார்ப்பார்.

முக்காட்டில் காலணியைக் கட்டித் தண்ணீர் இறைத்த அந்தப் பெண்ணிடம் இருந்தவை ஒரு செருப்பும் ஒரு துணியுமே. நம் வீடுகளில் அல்லாஹ் தந்த அரிசியும் மீனும் தண்ணீரும் தாராளமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து நம்மை நம்பியிருக்கும் இந்த வாயில்லா ஜீவன்களுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டுப் பயணம் புறப்படுவோமாக. வல்ல அல்லாஹ் உங்கள் பயணங்களைச் சுகமாக்கி, உங்கள் வீடுகளையும் அவற்றிலுள்ள எல்லா உயிர்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.